ஆறு டாலர் மீனும் ஐந்நூறு டாலர் மீனும்

சனிக்கிழமைக் காலையில் பாட்டியுடன் தேக்கா சந்தைக்குப் போவது பல ஆண்டுகளாக என் வேலை. பை தூக்குவது நான். மீன் பார்ப்பது பாட்டி. செவுளைத் திறந்து நிறம் பார்ப்பார், கண் பளபளக்கிறதா என்று பார்ப்பார், விரலால் வயிற்றை அழுத்துவார். எல்லாம் சரியாக இருந்தாலும், “ஐஸ்ல எத்தனை நாள் கெடந்துச்சு?” என்று கேட்காமல் பணப்பையைத் திறக்கமாட்டார்.

சென்ற ஆண்டு மார்ச் விடுமுறையில் நான் ஒரே ஒரு மீனுக்கு 48 வெள்ளி கொடுத்தேன் என்று தெரிந்ததும் பாட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்கியிருக்கலாமேடா! இது என் உள்ளங்கை அளவுகூட இல்லையே” என்றார். பிறகு தொட்டியருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வேறு கதை.

அது காப்பர்பேண்ட் எனப்படும் வண்ணத்துப்பூச்சி மீன். வெள்ளை உடலில் செம்பு நிறப் பட்டைகள், பின்பக்கம் கண் போல ஒரு கரும்புள்ளி, சாமணம் போல நீண்ட வாய். அழகுக்காக மட்டும் நான் அதை வாங்கவில்லை. எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் இருக்கும் உப்புநீர்த் தொட்டியில் ஐப்டேசியா எனும் சிறு கடல் சாமந்திகள் களைபோலப் பரவியிருந்தன. ஒன்றைப் பிய்த்தால் நான்கு முளைக்கும். காப்பர்பேண்ட் அவற்றைக் கொத்தித் தின்றுவிடும் என்று படித்திருந்தேன்.

என் மீன் எதையும் தின்னவில்லை. உறைந்த இறால், உயிருள்ள புழு, அரைத்த சிப்பி என்று வரிசையாகக் கொடுத்துப் பார்த்தேன். பாறை இடுக்குகளில் வாயை நுழைத்துத் தேடும். ஒன்றும் இல்லாமல் திரும்பும். பத்தொன்பதாம் நாள் காலையில் வடிகட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கிடந்தது. கடையில் “நன்றாகச் சாப்பிடும்” என்றார்கள். சாப்பிடுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாட்டியிடம் இத்தனை ஆண்டுகள் பை தூக்கியும் அந்தப் பாடத்தைக் கற்கவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் கடைக்காரரிடம் கேட்டேன். இந்தோனீசியாவிலிருந்து வந்த பெட்டியில் இருந்ததாம். யார் பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு மீன் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது என்றார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நண்பர்கள் இருவரிடம் இதைச் சொன்னபோது, எங்கள் மதிய உணவு மேசை இரண்டாகப் பிளந்தது. “கடலில் வாழும் உயிரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைப்பதே தவறு, முழுவதும் தடை செய்ய வேண்டும்” என்றாள் ஒருத்தி. “தடை செய்தால் அந்தத் தீவில் மீன் பிடிப்பவர் என்ன செய்வார்? நீ சாப்பிடும் மீன் வறுவல் மட்டும் தொட்டியிலா வளர்ந்தது?” என்றான் மற்றவன். உலகம் முழுவதும் பல ஆண்டுகளாக நடந்துவரும் வாதம் இதுவே என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அடுத்த சில மாதங்கள் நான் படித்ததெல்லாம் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பி, டெட்ரா, தங்கமீன் போன்ற நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. அலங்கார மீன் ஏற்றுமதியில் சிங்கப்பூர் உலகின் முன்னணி மையங்களில் ஒன்றாக இருப்பதற்கு அவைதான் காரணம். கடல் மீன்களின் கதை தலைகீழ். அவற்றில் பெரும்பகுதி இன்றும் பவளப்பாறைகளிலிருந்து நேராகப் பிடிக்கப்படுகிறது. அமெரிக்கா மட்டும் 2004 மே முதல் ஓராண்டில் ஏறத்தாழ 11 மில்லியன் கடல் அலங்கார மீன்களை இறக்குமதி செய்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. இனங்கள் 1,802. பாதிக்கும் மேற்பட்டவை பிலிப்பீன்சிலிருந்தும் அடுத்த பெரிய பங்கு இந்தோனீசியாவிலிருந்தும் வந்தவை.

பண்ணையில் வளர்த்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கோமாளி மீனைப் பொறுத்தவரை அது உண்மை. கோமாளி மீன் பாறையில் முட்டையிட்டுத் தானே காவல் காக்கும். பொரிக்கும் குஞ்சு ஓரளவு பெரியது. ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரை உண்ணும். இரண்டு வாரத்திற்குள் சிறு கோமாளியாக உருமாறிவிடும். தமிழ்நாட்டில் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உட்படப் பல இடங்களில் இதைச் செய்துவிட்டார்கள்.

ஆனால், ஹவாயின் மஞ்சள் நிற யெல்லோ டேங் மீன் திறந்த கடலில் முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டை. அதிலிருந்து வரும் குஞ்சின் வாய்க்கு ரோட்டிஃபரே பெரியது. இரண்டு மாதம்போல் அது நீரோட்டத்தில் மிதந்து வளர வேண்டும். ஹவாயின் கடலாய்வு நிலையம் ஒன்று பல ஆண்டுகள் முயன்று 2015ல்தான் முதன்முறையாக அதைத் தொட்டியிலேயே வளர்த்தெடுத்தது. ‘டோரி’ என்று நாம் அழைக்கும் நீல டேங் அடுத்த ஆண்டுதான், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், கைகூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் சந்தையில் இருக்க, இப்படி வென்றவை மிகக் குறைவு.

(டோரி என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2016ல் வந்த அந்தப் படத்தால் நீல டேங் வாங்கும் மோகம் வெடித்தது என்று பலரும் எழுதினார்கள். நானும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு கட்டுரையில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையில் 2019ல் வெளியான ஆய்வு, இணையத்தில் தேடியவர்கள் கூடினார்கள், இறக்குமதி கூடியதற்குச் சான்றில்லை என்று காட்டியது. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.)

தடை கேட்பவர்களின் வலுவான சான்று பங்காய் கார்டினல். இந்தோனீசியாவின் சுலாவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத சிறு மீன் அது. 1990களின் நடுவில் மீன் வளர்ப்போர் கண்ணில் பட்டது. சில ஆண்டுகளில், ஆண்டுக்கு 600,000க்கும் மேற்பட்ட மீன்கள் அங்கிருந்து போயின. இந்த மீனில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். அந்த நாள்களில் அது பட்டினி. குஞ்சுகள் தகப்பன் வாயிலிருந்து இறங்கி அதே இடத்தில் வாழ்க்கையைத் தொடங்கும். மற்ற மீன்களைப்போல் மிதந்து அடுத்த பாறைக்குப் போவதில்லை. இதன் பொருள், ஒரு விரிகுடாவில் இருப்பதை அள்ளிவிட்டால் பக்கத்து விரிகுடாவிலிருந்து வந்து நிரப்ப யாருமில்லை. 2007ல் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அனைத்துலக வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் அதைச் சேர்க்க 2007லும் 2016லும் முன்வைக்கப்பட்ட பரிந்துரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. இந்தோனீசியா 2018ல் ஆண்டின் சில மாதங்களில் மட்டும் அதைப் பிடிக்கத் தடை விதித்தது.

எத்தனை பிடிக்கிறார்கள் என்பதோடு, எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. 1960களில் பிலிப்பீன்சில் தொடங்கிய பழக்கம் இது: சயனைடு வில்லைகளைக் கடல்நீரில் கரைத்துப் பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, மீன் ஒளிந்திருக்கும் பாறை இடுக்கில் பீய்ச்சுவார்கள். மயங்கி வெளியே வரும் மீனைக் கையாலேயே பிடிக்கலாம். சட்டம் தடுத்தாலும் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. அந்த நஞ்சு பட்ட பவளம் வெளுத்துச் சாகும். மீன் உடனே சாகாமல், கல்லீரல் கெட்டு, வாங்கியவர் வீட்டில் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்து சாகலாம். என் காப்பர்பேண்ட் பட்டினியால் செத்ததா, வரும்போதே இதைச் சுமந்துகொண்டு வந்ததா என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை. நல்ல மீனுக்கு முத்திரை குத்தலாம் என்று 1998ல் தொடங்கிய ‘மரீன் அக்வேரியம் கவுன்சில்’ எனும் அமைப்பின் சான்றிதழ்த் திட்டமும் நிலைக்கவில்லை.

இவ்வளவு படித்த பிறகு நான் தடை கேட்ட தோழியின் பக்கம் சாய்ந்திருந்தேன். என்னை நிறுத்தியது ஒரே ஓர் எண். ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலக வனவுயிர்ப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003ல் வெளியிட்ட அறிக்கையில் அது இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒரு தீவு நாட்டில், உணவுக்காகப் பிடித்த பவளப்பாறை மீன் கிலோவுக்கு 6 அமெரிக்க டாலர். அதே கடலிலிருந்து தொட்டிகளுக்குப் போன மீன் கிலோவுக்கு ஏறக்குறைய 500 டாலர்.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். சிறிது யோசித்துவிட்டு, “அப்போ அவன் ஒரு கிலோ புடிச்சாப் போதும், எண்பது கிலோ கடல்லயே இருக்கும்” என்றார். உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்தியவர். வணிகத்தை ஆதரிக்கும் பொருளியல் வாதத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தன் பாறையில் நாளையும் மீன் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மீனவருக்குப் பணக்காரணம் கிடைத்தால், அந்தப் பாறையை வெடிவைத்துத் தகர்க்க வருபவரை அவரே விரட்டுவார். ஆனால், அந்த 500 டாலரில் மூழ்கிப் பிடிப்பவர் கைக்குப் போவது சிறு பகுதிதான். நடுவில் இருக்கும் கைகள் பல. பாட்டியின் கணக்கில் இது இல்லை.

பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்று ஓர் ஊர் உண்டு. அது நன்னீர், ஆனாலும் இந்த வாதத்தில் அடிக்கடி வரும். கார்டினல் டெட்ரா எனும் சிவப்பும் நீலமுமான சிறு மீனைப் பிடித்துத்தான் அந்த ஊர் பிழைத்தது. வெள்ளம் வடியும்போது காட்டுக் குட்டைகளில் சிக்கி எப்படியும் சாகப்போகும் மீன்கள் ஏராளம். அவற்றைப் பிடிப்பதால் ஆற்றுக்குக் கேடில்லை, காட்டை வெட்டாமல் மக்கள் வாழவும் முடிகிறது என்பது அங்கு இயங்கும் ‘பியாபா’ திட்டத்தின் வாதம். மீனை வாங்கி மரத்தைக் காப்பாற்றுங்கள் என்பதே அவர்கள் முழக்கம். அலங்கார மீனுக்கென்றே அங்கு ஆண்டுத் திருவிழா நடக்கிறது. ஊர் இரண்டு அணியாகப் பிரிந்து, ஒன்று கார்டினலுக்கும் மற்றொன்று டிஸ்கஸ் மீனுக்கும் ஆடுகிறது. ஆசியப் பண்ணைகள் அதே மீனை மலிவாக வளர்க்கத் தொடங்கியதும் பார்செலோசின் வருமானம் சரிந்தது. பண்ணை மீன் வாங்குவதே புண்ணியம் என்று நம்பியிருந்த எனக்கு இது சங்கடமாக இருந்தது.

அதற்கு நேர்மாறானது ஹவாய். கோனா கடற்கரையில் 1999 இறுதியில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான கரையோரப் பகுதியை மீன் சேகரிப்போருக்கு மூடினார்கள். மூடிய இடங்களில் யெல்லோ டேங் பெருகியது. கணக்குப்படி அது வெற்றி. ஆனால், ஹவாய் பூர்வகுடி மீனவர்களும் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2017ல் மாநில உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் உரிமம் வழங்கக் கூடாது என்றது. 2021 வாக்கில் வணிகச் சேகரிப்பு நின்றுபோனது. மீன் விலை பலமடங்கு ஏறியது. பண்ணையில் வளர்ந்த யெல்லோ டேங்குக்குச் சந்தை கிடைத்தது. அந்த மீனவர்களில் பலருக்குச் சிக்கல் எண்ணிக்கை மட்டுமன்று. உண்பதற்கு எடுப்பது ஒன்று, வேடிக்கை பார்க்க எடுப்பது வேறு என்பது அவர்கள் மரபு. ‘மீன் போதுமான அளவு இருக்கிறது’ என்ற அறிவியல் விடை அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. வழக்கும் வாதமும் இன்னும் ஓயவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் இந்தியாவில் கடல்குதிரைக்கும் பவளத்துக்கும் புலிக்குரிய அதே சட்டப் பாதுகாப்பு. அதற்கு முன் அங்கே பவளத்துக்கு வந்த பெருங்கேடு மீன்தொட்டியால் வரவில்லை; சுண்ணாம்புக்காக அதை வெட்டி எடுத்தார்கள். கடல்குதிரையும் இன்றுவரை பெரும்பாலும் சிக்குவது இறாலுக்கு விரித்த இழுவலையில்தான். வலைக்குச் சட்டம் தெரியாது.

சிங்கப்பூரிலும் இதே கதை. நம் பவளப்பாறைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலமீட்பில் புதைந்துபோனது. எஞ்சியவை 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் வெளுத்தன. இன்று தேசியப் பூங்காக் கழகம் 100,000 பவளங்களை நடும் திட்டத்தை நடத்துகிறது. சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்சார் பூங்கா 2014 முதல் இருக்கிறது. அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. கொவிட் காலத்தில் வெளிநாடு போக முடியாத குடும்பங்கள் நீர் வற்றும் நேரத்தில் சாங்கி கடற்கரையில் வாளியுடன் இறங்கி நண்டையும் சிப்பியையும் அள்ளியபோது எழுந்த கோபம் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கோபத்தில் நானும் பங்கேற்றேன், மற்றொரு நாட்டுக் கடலில் யாரோ வாளியுடன் இறங்கிப் பிடித்த மீன்களை வீட்டில் வைத்துக்கொண்டு.

பண்ணைதான் விடை என்போர் அரோவானாவைப் பார்க்கலாம். நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் அதிர்ஷ்டத்துக்காக வைத்திருக்கும் ‘டிராகன்’ மீன். சைட்டிஸின் மிகக் கடுமையான பட்டியலில் 1975 முதல் இருக்கிறது. பதிவுபெற்ற பண்ணைகளில் பிறந்ததை, உடலில் சில்லு பதித்து, சான்றிதழுடன் விற்கலாம். வணிகம் செழிக்கிறது. ஆனால், தென்கிழக்காசியாவின் ஆறுகளில் அந்த மீன் இன்னும் அரிதாகவே இருக்கிறது. தொட்டியில் பெருகியதால் ஆற்றுக்கு எதுவும் திரும்பிவிடவில்லை.

கடந்த ஜூன் விடுமுறையில் மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போனோம். நண்பர்கள் லாசரஸ் தீவின் மணலை நோக்கி நடக்க, நான் படகுத்துறைத் தூண்களின் ஓரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கலங்கலான பச்சை நீர். அதற்குள் செம்புப் பட்டையுடன் ஒரு மீன். பக்கத்திலேயே இன்னொன்று. காப்பர்பேண்ட் நம் கடலில் சாதாரணமாக வாழும் மீன் என்று படித்திருந்தேன், ஆனால் பார்த்ததில்லை. இரண்டும் தூணில் ஒட்டியிருந்த சிப்பிகளுக்கு இடையில் வாயை விட்டு எதையோ பிடுங்கித் தின்றுகொண்டிருந்தன. அந்த இடுக்கு, அந்த இரை. என் தொட்டியில் இல்லாதது அதுதான். கூப்பிடக் கூப்பிட நான் நகரவில்லை என்று நண்பர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

முழுத் தடை வேண்டும் என்று நான் இப்போது சொல்வதில்லை. ஆனால், காப்பர்பேண்டையும் பங்காய் தீவுகளில் பிடித்த கார்டினலையும் வாங்கலாம் என்று எவராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். கடலில் பிடித்த மீனை விற்பவர், எந்தத் தீவில், வலையிலா வேறு வழியிலா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் நான் வாங்குவதில்லை. பெரும்பாலும் தெரிவதில்லை. எனக்குப் பழக்கமான மற்றொரு கடையின் வயதான ‘அங்கிள்’ இதைக் கேட்டுச் சிரித்தார்: “முப்பது ஆண்டாகக் கடை நடத்துகிறேன். மீன் என்ன விலை என்றுதான் கேட்பார்கள்.” பிறகு, உள்ளூர்ப் பண்ணையில் பிறந்த கோமாளி ஜோடி ஒன்றைக் காட்டி, என் கண் முன்னே உணவு போட்டார். இரண்டும் ஓடிவந்து தின்றன. வாங்கினேன்.

ஐப்டேசியா மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஊசியில்லாத சிறு பீச்சுக்குழலில் எலுமிச்சைச் சாறு எடுத்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சொட்டு விடுகிறேன். சுருங்கிச் சாகும், அடுத்த வாரம் வேறொரு மூலையில் முளைக்கும். இந்த வேலைக்காகத் தேக்காவில் வாங்கும் எலுமிச்சை இரண்டு கூடிவிட்டது. அதைப் பாட்டி என் கணக்கில்தான் எழுதுகிறார்.